மாடி அறையின் ஆமை

நம் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும், அந்த நாளில் கம்ப்யூட்டருக்கும் உடுப்பு உண்டு. நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரர் மாடியில் இருந்த கம்ப்யூட்டருக்கு நீலப் பூப்போட்ட துணியில் உறை தைத்திருந்தார்கள். திரைக்கு ஒன்று, பெட்டிக்கு ஒன்று, விசைப்பலகைக்கு ஓரத்தில் சுருக்கு வைத்த சின்னது ஒன்று. அதைக் கழற்றும் முன் கை கால் கழுவ வேண்டும். செருப்பைக் கீழ்ப்படியிலேயே விட்டுவிட வேண்டும். அறைக்குள் போனால் சூடான பிளாஸ்டிக் வாசனை வரும். வேறு எந்த இடத்திலும் இல்லாத அந்த வாசனையை ஏதோ புதிய ஊரின் வாசனை என்றே அப்போது நினைத்துக்கொண்டேன்.

இன்று எனக்கு ஒரு பெண் இருக்கிறாள். ஐந்தாம் வகுப்பு. உங்களில் பலருக்கும் அதே வயதில் பெண்கள் இருக்கிறார்கள். பள்ளி வாசலில் நிற்கும்போது நாம் பேசிக்கொள்வதெல்லாம் அவர்களைப் பற்றித்தான். பெண் பிள்ளைகளைக் கணக்குப் பக்கமும் கம்ப்யூட்டர் பக்கமும் எப்படித் திருப்புவது, பள்ளியில் சொல்லித்தருவது போதுமா, வெளியே அனுப்ப வேண்டுமா, அவர்களுக்கே விருப்பமில்லை என்றால் விட்டுவிடலாமா. நீங்கள் என்னைக் கேட்கும்போதெல்லாம் நான் சிரித்து மழுப்பியிருக்கிறேன். எனக்குத் தெரிந்தது அந்த ஒரு கோடை மட்டும்தான். அதைச் சொல்வது சரியா என்று இதை எழுதும்போதும் தெரியவில்லை.

அப்போது நாங்கள் கன்னடம் பேசும் ஊரில், தேவராஜ மொஹல்லா என்ற பேட்டையில், சந்தைக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்தோம். அப்பாவுக்கு வெற்றிலை மண்டியில் வேலை. ஈர வெற்றிலையின் வாசனை அவர் சட்டையில் துவைத்தாலும் போகாது. வீட்டுக்காரர் மகள் பெங்களூரில் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தாள். அந்த விடுமுறைக்கு வந்தபோது, கல்லூரியில் கழித்துவிட்ட பழைய கம்ப்யூட்டர் ஒன்றைக் கொண்டுவந்திருந்தாள். சந்தில் இருந்த பெண் பிள்ளைகளை மட்டும் கூப்பிட்டாள். பையன்கள் படியடியில் நின்று முணுமுணுத்தார்கள். "உங்களுக்குத்தான் தெருவே இருக்குதே, போய் கிரிக்கெட் ஆடுங்க" என்று விரட்டிவிட்டாள். நாங்கள் அவளைக் கம்ப்யூட்டர் அக்கா என்று கூப்பிட்டோம்.

முதல் நாள் திரையின் நடுவில் ஒரு சின்ன முக்கோணத்தைக் காட்டினாள்.

"இதுதான் ஆமை. இதுக்குப் புத்தியே கிடையாது. நீங்க சொல்றதை மட்டும் செய்யும். அஷ்டே."

பேச்சை 'அஷ்டே' என்று கன்னடத்தில் முடிப்பது அவள் வழக்கம். அவ்வளவுதான் என்று பொருள்.

"எங்கண்ணனை விடப் பரவாயில்லை. அவன் சொன்னாலும் செய்யமாட்டான்" என்றாள் மூலை வீட்டுப் பெண்.

ஆமையை முன்னே போகச் சொல்லலாம். வலப்பக்கம் இடப்பக்கம் திரும்பச் சொல்லலாம். போகும் வழியெல்லாம் கோடு போட்டுக்கொண்டே போகும். நூறு முன்னே, தொண்ணூறு பாகை வலது. அதையே மறுபடியும் மறுபடியும் சொன்னால் சதுரம். எங்களுக்குச் சதுரம் வந்தது. வீடு வந்தது. கோபுரம் போல ஒன்று கோணலாக வந்தது. அப்புறம் அக்கா, "வட்டம் போடுங்க பார்க்கலாம்" என்றாள். வட்டத்துக்குத் தனியாகக் கட்டளை கிடையாது. ஆமைக்கு நேராகப் போகவும் நின்று திரும்பவும் மட்டும்தான் தெரியும். நேராகவே போகிற ஒன்று எப்படி வளையும்?

அன்று சாயங்காலம் முற்றத்தில், தண்ணீர்த் தொட்டி மூடியைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். பாதத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். நடக்கும்போது நான் வளையவில்லை. கொஞ்சம் நேராகப் போகிறேன், கொஞ்சம் திரும்புகிறேன், மறுபடியும் கொஞ்சம் நேராக. கொஞ்சம், கொஞ்சம். அது புரிந்த கணத்தில் உடம்பு முழுவதும் சிலிர்த்தது. மாடிக்கு ஓடினேன். ஒரு அடி முன்னே, ஒரு பாகை வலது, முந்நூற்று அறுபது தடவை என்று தட்டினேன். ஆமை ஊர்ந்து ஊர்ந்து போய்க் கிளம்பிய இடத்திலேயே வந்து ஒட்டிக்கொண்டது.

கம்ப்யூட்டர் அக்கா திரைக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தாள்.

"யார் சொல்லிக் குடுத்தா?"

"யாரும் இல்ல."

"நெஜமா?"

"நடந்து பார்த்தேன்."

அவள் என் தலையில் கை வைத்து ஆட்டினாள். தன் கல்லூரியில் கோடை முடிவில் பெண் பிள்ளைகளுக்கு ஒரு முகாம் நடக்கும் என்றும், மாணவிகள் ஆளுக்கொரு பெண்ணை அழைத்துப் போகலாம் என்றும் சொன்னாள். "நான் உன்னைத்தான் கூட்டிட்டுப் போவேன். உங்கப்பாகிட்ட நானே பேசறேன்." பிறகு கறுப்பு ஃப்ளாப்பி ஒன்றை எடுத்து என் வட்டத்தை அதில் பதிந்து கையில் கொடுத்தாள். "உன் ஆமை. நீயே வெச்சுக்கோ."

எதையும் அவ்வளவு விரும்பியதில்லை நான். அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

அப்போது அம்மா கர்ப்பமாக இருந்தாள். எனக்கு அடுத்து வெகுநாள் கழித்துத் தரித்திருந்தது. உதவிக்கு அப்பாவின் அக்கா, என் அத்தை, ஹனூர்ப் பக்கத்து ஊரிலிருந்து வந்து தங்கியிருந்தாள். நான் ஃப்ளாப்பியோடு வீட்டுக்குள் ஓடியபோது அத்தை கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அத்தை, இதுக்குள்ள என்ற ஆமை இருக்குது."

"எதுக்குள்ள?"

"இதுக்குள்ள."

"உசுரோடயா?"

"உசுரெல்லாம் இல்ல. ஆனா சொன்னா நடக்கும்."

அத்தை கீரையைக் கீழே வைத்தாள். "கேட்டியா அம்மிணி? உன்ற புள்ள ஊட்டுக்குள்ள ஆமையக் கொண்டாந்திருக்கறா."

"அது படம் அண்ணி. கம்ப்யூட்டர் படம்" என்று அம்மா சிரித்தாள்.

"படமோ நெசமோ, பேரு ஆமைதானே? வயித்துப் புள்ளயோட இருக்கற ஊடு. வெளிய வெக்கச் சொல்லு."

உங்களில் பலர் வீட்டுக் கூடத்தில் இப்போது பித்தளை ஆமை இருக்கிறது. கிண்ணத்துத் தண்ணீரில் வடக்குப் பார்த்து நிற்கிறது. வாஸ்துவுக்கு நல்லது என்கிறீர்கள். எங்கள் பக்கத்தில் அந்த நாளில் அப்படியில்லை. வயலோரக் குட்டையிலிருந்து ஆமை ஒன்று வாசற்படி ஏறிவிட்டால், அந்த வீட்டில் ஏதோ ஒன்று குலையப்போகிறது என்று ஊரே பேசும். அத்தை அதைப் பார்த்தே வளர்ந்தவள். அவளை எப்படிக் குற்றம் சொல்வது?

அப்பாதான் நிலைமையைச் சரிசெய்தார். "ஆமைதானேக்கா, மெதுவாத்தான் வரும். அது உள்ள வந்து சேர்றதுக்குள்ள பொறக்கற புள்ள பள்ளிக்கூடமே போயிரும்." அத்தையே சிரித்துவிட்டாள். ஆனாலும் ஃப்ளாப்பி வெளியே போயிற்று. செருப்பு வைக்கும் பலகையின் மேல்தட்டில் வைத்தேன்.

அதற்கப்புறம் ஒரு நாள் மாலை, மாங்காய் பழுக்கும் பருவத்தில் வரும் திடீர் மழை வந்தது. அத்தை கோவிலுக்குப் போயிருந்தாள். நான் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பலகை நனைவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே கொண்டுவரலாமா என்று கேட்கவும் துணிவில்லை. அம்மா என் முகத்தைப் பார்த்தாள். இடுப்பில் கையை ஊன்றி மெல்ல எழுந்தாள். தானே வெளியே போய் எடுத்துவந்து, முந்தானையால் துடைத்து, அலமாரியில் தன் புடவைகளுக்கு நடுவே வைத்தாள்.

"உன்ற ஆமை நனைஞ்சு சளி புடிச்சா யாரு கஷாயம் வெக்கறது? அத்தகிட்டச் சொல்லாத."

அன்று அம்மா எனக்கு எவ்வளவு அழகாகத் தெரிந்தாள் என்று சொல்ல முடியவில்லை.

மழைக்குப் பிறகு எவ்வளவு நாள் சென்றிருக்கும் என்று நினைவில்லை. ஒரு வாரம் இருக்கலாம். மத்தியானம் அம்மாவை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார்கள். தரையை அத்தை அவசரமாகக் கழுவிவிட்டாள், நான் பார்த்துவிடக் கூடாது என்று. நான் பார்த்துவிட்டேன். மறுநாள் அப்பா வந்து சட்டையைக் கழற்றாமலேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். தம்பி என்றோ தங்கை என்றோ யாரும் எதுவும் சொல்லவில்லை. கேட்கவும் தோன்றவில்லை. பின்னாளில், என் பிரசவத்தின்போதுதான், அது பையன் என்று அம்மா சொன்னாள்.

ஆஸ்பத்திரிக்கு மாற்றுப் புடவை எடுக்க அத்தை அலமாரியைத் திறந்தாள். புடவைகளுக்கு நடுவிலிருந்து ஃப்ளாப்பி வழுக்கித் தரையில் விழுந்தது. வெறும் பிளாஸ்டிக், எடையே இல்லை. ஆனால் அந்தச் சத்தம் பெரிதாகக் கேட்டது.

"இது எப்படி உள்ள வந்துது?"

பேசினால் அம்மா என்று சொல்ல வேண்டும். அம்மா ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறாள்.

அத்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் அழுதிருப்பேன், அழுதிருந்தால் யாராவது ஏன் என்று கேட்டிருப்பார்கள். அவள் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் அதை முந்தானையில் முடிந்துகொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து வந்து எனக்குச் சோறு பிசைந்து ஊட்டினாள். பெரிய பெண், எனக்கு எதற்கு ஊட்ட வேண்டும்? அந்தக் கையின் பரிவையும் நான் வேறு விதமாகவே எடுத்துக்கொண்டேன். என் ஆமையால்தான் இது நடந்தது என்று இவளுக்குத் தெரியும், தெரிந்தும் மன்னிக்கிறாள் என்று.

அம்மா வீட்டுக்கு வந்த பிறகு, பக்கத்து வீட்டம்மாவை அவளுக்குத் துணை வைத்துவிட்டு, அத்தை என்னையும் அப்பாவையும் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குக் கூட்டிப்போனாள். காவிரியில் தலை முழுகினால் பிடித்தது விடும் என்றாள். கோடைக் காவிரி, பாறை தெரிய ஓடிக்கொண்டிருந்தது. முழங்காலளவுத் தண்ணீரில் நின்று, சாமி படத்துப் பழைய பூக்களையும் அம்மா கையில் கட்டியிருந்த மந்திரிச்ச கயிற்றையும் அத்தை விட்டாள். கடைசியாக முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். கறுப்புச் சதுரம் மூழ்கவில்லை. பூக்களோடு சேர்ந்து மிதந்தது, ஒரு சுழலில் மாட்டிக்கொண்டு எங்களையே சுற்றி வந்தது. அத்தை கையால் தண்ணீரை அடித்து அடித்து அதைத் தள்ளினாள். நான் அப்பாவைப் பார்த்தேன். அந்த ஆமையைக் கேலி செய்து எல்லோரையும் சிரிக்கவைத்தவர் அவர். இப்போதும் ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன். அவர் பாலத்தில் போகும் லாரிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அப்போதுதான் எனக்கு நிச்சயமாயிற்று. அப்பாவே சிரிக்கவில்லை என்றால் அது உண்மையாகத்தான் இருக்க வேண்டும்.

பெரியவர்கள் அன்று என்ன நினைத்தார்கள் என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். அத்தைக்கு அது ஒரு பரிகாரம், முடித்ததும் மனம் ஆறிவிட்டது. அப்பாவுக்கு அக்காவின் மனத்தை நோகடிக்க வேண்டாம் என்று இருந்திருக்கும். சின்னப் பெண் இதிலெல்லாம் என்ன கண்டாள் என்று இருவருமே நினைத்திருப்பார்கள். பிள்ளை பக்கத்திலேயே நின்றாள், ஈரப் பாவாடையோடு. குளிருதா என்று மட்டும் கேட்டார்கள்.

கோடை முடியும் சமயத்தில் கம்ப்யூட்டர் அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தாள். நான் மாடிக்குப் போவதை நிறுத்தி நாளாகியிருந்தது. வீட்டில் நடந்ததால் வரவில்லை என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். அப்பாவிடம் முகாமைப் பற்றி விவரமாகச் சொன்னாள். தங்குமிடம், சாப்பாடு, கூடவே தான் இருப்பது, எல்லாம். "இவளை மாதிரிப் பிள்ளைங்களுக்குத்தான் அங்கிள் அது. பள்ளிக்கூடத்துல இதெல்லாம் சொல்லித் தரமாட்டாங்க."

"அனுப்பலாம்மா" என்றார் அப்பா. உடனே சொன்னார். என் காதில் அது இன்றும் இருக்கிறது.

சுவரோரம் படுத்திருந்த அம்மா தலையைத் தூக்கினாள். "போயிட்டு வரட்டுங்க. புள்ள மொகம் பார்க்கச் சகிக்கல. அங்க போனா மனசு மாறும்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"எனக்கு இஷ்டமில்ல" என்றேன்.

"ஏன்மா? வட்டம் போட்டியே?" என்றாள் அக்கா.

"புடிக்கல."

"பயமா இருக்குதா? நான் கூடவே இருப்பேன்."

"இல்ல. புடிக்கல."

"பொறுப்பான புள்ள" என்றாள் அத்தை, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "பெத்தவ இப்படிக் கெடக்கறப்ப உட்டுட்டுப் போவ மனசு வருமா அதுக்கு?" அம்மா கையை நீட்டி என்னைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். அவர்களுக்கு அது பாசமாகத் தெரிந்தது. நான் மறுத்துச் சொல்லவில்லை. அந்தக் கையைத் தட்டிவிட்டு, உன் பிள்ளையைக் கொன்ற ஒன்றைப் போய் மறுபடியும் படிக்கச் சொல்கிறாயே என்று எப்படிக் கேட்பேன்? அதை உள்ளே கொண்டுவந்தது அந்தக் கைதானே.

அக்கா காபியைப் பாதி குடித்துவிட்டு எழுந்தாள். மாடிப்படியில் அவள் தன் அம்மாவிடம் சொன்னது கேட்டது. "சும்னே, வீணா நாமதான் ஆசைப்படறோம்மா. பொண்ணுங்களுக்கு உள்ளுக்குள்ள அந்த ஆர்வம் இருக்கமாட்டேங்குது." அந்த முகாமுக்கு அவள் வேறு யாரையும் கூட்டிப்போகவில்லை. அடுத்த கோடைக்கு அவள் வரவில்லை, கல்யாணமாகிப் போய்விட்டாள். பூப்போட்ட உறைகளை வீட்டுக்காரம்மா பழைய துணிக்காரரிடம் போட்டுப் பிளாஸ்டிக் வாளி வாங்கினார்.

அப்புறம் நான் மோசமாக ஒன்றும் ஆகிவிடவில்லை. நன்றாகப் படித்தேன். கணக்கு வரும்போது மட்டும் எங்கோ ஒன்று கையைப் பின்னால் இழுக்கும். எனக்குக் கணக்கு வராது என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் அது வராமலேயே போயிற்று. வணிகவியல் எடுத்தேன். கல்யாணம், குழந்தை. ஆமை யாரையும் கொல்லாது என்று எந்த வயதில் தெரிந்துகொண்டேன் என்று நினைவில்லை. தெரிந்தபோது ஒன்றும் திரும்பி வரவில்லை, அவ்வளவுதான். வேறொரு கேள்விதான் வந்தது. அந்த மழைநாளை அம்மா என்ன செய்தாள்? அவளும் அதையே நினைத்து, தன் கையையே பார்த்துப் பார்த்து இத்தனை வருஷம் இருந்திருப்பாளா? அல்லது மறந்தே போனாளா? மறந்திருந்தால், கேட்பதே அவளுக்கு நினைவூட்டுவதாகிவிடும். கேட்டதில்லை.

சென்ற மாதம் நம் லேஅவுட்டில் ஐடி வேலை பார்க்கும் ஒரு இளம்பெண் வீடு வீடாக வந்தாளே, உங்கள் வீட்டுக்கும் வந்திருப்பாள். சனிக்கிழமை காலைகளில் பெண் பிள்ளைகளுக்குக் கணக்கும் கம்ப்யூட்டரும், சும்மா விளையாட்டாக, பரீட்சை எதுவும் இல்லாமல். அவளை உட்காரவைத்துக் காபி கொடுத்தேன். என் மகளும் கேள்வி மேல் கேள்வி கேட்டாள். அவள் போன பிறகு மகள் என்னிடம் திரும்பினாள்.

"நீ சின்ன வயசுல கம்ப்யூட்டர் கத்துக்கிட்டியாம்மா? உனக்குப் புடிச்சுதா?"

எங்களோடு இருக்கும் அம்மா முந்திக்கொண்டாள். "உங்கம்மாளுக்கா? அதுக்கு அதெல்லாம் ஆகவே ஆகாது கண்ணு. மாடி வூட்டுப் பொண்ணு வந்து கெஞ்சுச்சு. பெங்களூருக்கே கூட்டிட்டுப் போறேன்னுச்சு. உங்க தாத்தாவும் சரின்னாரு, நானும் போகச் சொன்னேன். புடிக்கலைன்னு ஒரே போடாப் போட்டுட்டா."

"நெஜவா?" மகள் முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப நம்ம ஃபேமிலிலயே அது இல்லம்மா! எனக்கும் பேடம்மா, வேண்டாம். எனக்குத் தெரியாதுன்னா அங்க எல்லாரும் சிரிப்பாங்க."

எனக்கு அதைவிடப் பிடித்தது வேறொன்றும் இல்லை என்று சொன்னால் போதும், அவள் போவாள். ஏன் போகலை என்று உடனே கேட்பாள். கேள்வியை விடுகிறவள் இல்லை அவள். அம்மா எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள், மூட்டு வலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு. நான் வாயைத் திறந்தேன். எந்தப் பக்கம் சொன்னாலும் ஒருத்தியை நோகடிக்க வேண்டியிருந்தது. யோசித்துக்கொண்டே இருந்தேன். நான் யோசித்து முடிப்பதற்குள் மகள் விளையாடப் போய்விட்டாள். தனியாகப் பிடித்துச் சொல்லியிருக்கலாம் என்பீர்கள். பிறகு இரண்டு முறை முயன்றேன். "பாட்டி சொன்னாளே" என்றாள், அஷ்டே.

"போகாட்டி உடு" என்றாள் அம்மா. "புள்ளைங்கள வற்புறுத்தக் கூடாது. உன்ன நாங்க எதுக்காச்சும் வற்புறுத்தினமா?"

"இல்லம்மா" என்றேன். "வற்புறுத்தல."

வகுப்பு தொடங்கிய சனிக்கிழமை காலை நாங்கள் மூவரும் கூடத்தில் உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தோம். அம்மா ஊறிய கொட்டைகளைப் பிதுக்கித் தோலை ஒதுக்கினாள். மகள் உரித்த பருப்பைத் தரையில் ஒன்று, அதன் கீழே இரண்டு, அதன் கீழே மூன்று என்று அடுக்கிக்கொண்டே போனாள். அடுத்த வரிசை சேர்ந்தால் மொத்தம் எவ்வளவு என்று தனக்குள் முணுமுணுத்தாள். எண்ணிப் பார்ப்பதற்கு முன்பே சொல்லிவிட்டு, பிறகு எண்ணிச் சரிபார்த்தாள்.

"சாப்பிடற பொருளை வெச்சு விளையாடாதே" என்ற குரல் கேட்டது.

அம்மா கூட நிமிர்ந்து பார்த்தாள். அதைச் சொன்னது நான்.